எடுத்துக்கட்டுமா?

இதை எழுதப் போவதாக அந்த அக்காவிடம் போனில் சொன்னேன். சொல்லாமல் எழுதியிருந்தால் என்னோடு பேசுவதையே விட்டிருப்பார்.

“எழுதுங்க தம்பி. பேரு மட்டும் வேணாம்” என்றார்.

“ஏன்க்கா?”

“வேணாம்னா வேணாம்தானே.”

ஆகவே பெயர் இல்லை. எங்கள் மலையில் அவருக்குப் பெயர் தேவைப்பட்டதும் இல்லை. ‘பிலிம் அக்கா’ என்றால் புதூர்நாட்டிலிருந்து நெல்லிவாசல் வரை எந்த வீட்டிலும் தெரியும். அந்த வீடுகளில் பாதியில் அவர் கையால் கொடுத்த படம் ஒன்று சுவரில் இருக்கும். மீதியில் அவரிடம் வேண்டாம் என்று சொன்னவர் ஒருவர் இருப்பார்.

நான் ஜீப் ஓட்டுகிறவன். திருப்பத்தூரில் பி.ஏ. படித்தேன். படித்த படிப்புக்கும் பிடித்த ஸ்டியரிங்குக்கும் சம்பந்தம் கிடையாது. பஸ் வராத நேரத்தில் மலைக்கும் அடிவாரத்துக்கும் ஆள் ஏற்றி இறக்குவது என் வேலை. அக்கா ஊருக்கு வந்த முதல் நாள் என் ஜீப்தான் கிடைத்தது.

புதூர்நாடு நிறுத்தத்தில் வண்டி நிறைந்து நின்றது. உள்ளே ரேஷன் மூட்டைகள், ஒரு கேஸ் சிலிண்டர், மடியில் கோழியோடு ஒரு அம்மா, பின்கம்பியில் தொங்க இரண்டு பேர். ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண், காட்டன் புடவை, காலில் ஷூ, கழுத்தில் கேமராவோடு என் ஜன்னல் பக்கம் வந்து நின்றார்.

“தம்பி, வண்டியோட சேர்த்து ஒரு படம் எடுத்துக்கட்டுமா?”

“எடுங்க மேடம்” என்று சொல்லிவிட்டுச் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“உள்ள இருக்கறவங்களையும் கேட்டுட்டு வந்துடறேன்.”

ஒவ்வொருவராகக் கேட்டார். கோழிக்கார அம்மாவிடம், கோழியும் படத்தில் வந்தால் பரவாயில்லையா என்று தனியாகக் கேட்டார். எல்லோரும் தலையாட்டி முடித்தபோது பின்கம்பியில் தொங்கியவர், “என்னிய வுட்ருங்க. ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிட்டு கல்யாணத்துக்குப் போறேன். படம் கிடம் வந்துச்சின்னா மாட்டிக்குவேன்” என்றார். வண்டியே சிரித்தது. அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே கேமராவை உறையில் போட்டுப் பட்டனை அழுத்தினார்.

“அவரு எறங்கி ஓரமா நின்னா போச்சி, எடுங்க மேடம்” என்றேன்.

“அவரை எறக்கிட்டு எடுத்தா அது இந்த வண்டி இல்லையே” என்று சொல்லி, அதே பின்கம்பிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டு ஏறினார். படம் எடுக்க வந்தவர் படம் எடுக்காமலே மலை ஏறினார். சரிதான், நட்டு கழன்ற கேஸ் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கேமரா அவரைவிடக் கொஞ்சம்தான் இளையதாக இருக்கும். மூலைகளில் கறுப்புப் பூச்சு தேய்ந்து பித்தளை தெரியும். பிலிம் போட்டு எடுப்பது, அதுவும் கறுப்பு வெள்ளை மட்டும். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி படம் எடுத்தவுடன் ஓடி வந்து கேமராவின் பின்பக்கத்தைத் தொட்டாள். அங்கே திரை இல்லை, வெறும் தோல். விடாமல் அந்தத் தோலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

“படம் எங்கக்கா?”

“உள்ள இருக்கு. வூருக்குப் போய்க் கழுவணும். அடுத்த தடவை வர்றப்போ கொண்டு வர்றேன்.”

அவர் ‘வூரு’ என்று எங்களைப் போலச் சொல்லிப் பார்த்ததைக் கேட்டு எல்லோருக்கும் சிரிப்பு. ஆனால் ‘அடுத்த தடவை’யை யாரும் நம்பவில்லை. ரோடு போட அளவெடுத்தவர், தேன் சங்கம் வைக்க வந்தவர், அருவி பார்க்க வந்து எங்களோடு செல்ஃபி எடுத்தவர்கள், ஓட்டுக் கேட்க வந்தவர்கள், எல்லோருமே அடுத்த தடவை என்று சொல்லிவிட்டு இறங்கியவர்கள்தான்.

புளி உலுக்கும் காலத்தில் வந்தவர் சாமை அறுப்பின்போது மறுபடி வந்தார். தோள்பையில் கனமான அட்டைகளுக்கு நடுவே படங்கள். படத்தில் இருக்கிறவர் கையில்தான் கொடுப்பார். புருஷனிடம் கொடுக்க மாட்டார், பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போக மாட்டார். ஆள் கொல்லைக்கு, எங்கள் பக்கம் வயலுக்கு அதுதான் பேர், போயிருந்தால் கொல்லைக்கு நடப்பார். ஒருமுறை ஒரு படத்தைக் கொடுக்க அடிவாரம் வரை இறங்கி, கலசப்பாக்கம் சந்தையில் புளி விற்றுக்கொண்டிருந்தவரைத் தேடிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏறி வந்தார். அன்றைக்கு நான்தான் ஓட்டினேன். என் முதுகு இன்னும் அதை மறக்கவில்லை.

அவரிடம் வெளிச்சம் அளக்கும் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும், முள் ஆடும். ஆளின் கன்னத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார். எங்கள் பக்கம் சர்க்கரை பார்க்க நர்ஸ் அம்மா வந்துபோகிற காலம் அது. நெல்லிவாசலில் ஒரு பெரியம்மா அந்தப் பெட்டியைப் பார்த்ததும் ஆள்காட்டி விரலை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, “மெதுவா குத்தும்மா” என்றார். அக்கா அந்த விரலைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னார். பெரியம்மாவுக்கு ஏமாற்றம். “அப்ப சக்கர கீதா இல்லியான்னு இது சொல்லாதா?” என்று கேட்டுவிட்டு, அப்படிப்பட்ட பெட்டியால் இன்னா பிரயோசனம் என்பதுபோல் உள்ளே போய்விட்டார். அதுவும் வேண்டாம் என்ற கணக்கில் சேர்ந்துவிட்டது.

இந்த வேண்டாம்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மார்கழிக் காலையொன்றில் வளைவில் ஜீப் திரும்புகிறது. ரோட்டை மறைக்கிற மாதிரி பனி. அதற்குள்ளிருந்து தலையில் விறகுக் கட்டோடு ஒரு அம்மா வருகிறார், பின்னால் ஒரு நாய். எனக்கே, போட்டோவைப் பற்றி ஒன்றும் தெரியாத எனக்கே, கையில் போன் இல்லையே என்று இருந்தது. அக்கா சொல்லாமலே பிரேக் போட்டேன். அக்கா இறங்கினார். கேமரா கையில். விரலை வைத்து அழுத்தினால் முடிந்தது. இவர் போய் நின்று, “அம்மா, எடுத்துக்கட்டுமா?” என்கிறார்.

“வாணாம்மா. பொடவ கிழிஞ்சி கீது.”

“சரிம்மா.”

விறகுக் கட்டு எங்களைத் தாண்டிப் போயிற்று. நாயும் போயிற்று. பனிக்குள் அவர்கள் மறையும்வரை அக்கா ரோட்டிலேயே நின்று பார்த்துவிட்டு வண்டியில் வந்து உட்கார்ந்தார்.

“முதுகப் பாத்து எடுத்திருக்கலாம் இல்ல? அந்தம்மாவுக்குத் தெரிஞ்சேயிருக்காது” என்றேன். கொஞ்சம் குரல் உயர்ந்துவிட்டது.

“எனக்குத் தெரியும்ல.”

“எவ்ளோ நல்லா இருந்துச்சிக்கா.”

“ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றார். அவர் குரலில் ஆசை இருந்தது. ஆசையில்லாமல் அவர் விட்டுக்கொடுத்தார் என்று யாராவது நினைத்தால் தப்பு. அன்று மதியம்வரை அவர் சரியாகப் பேசவில்லை. “அந்தம்மாவுக்கு அது கிழிஞ்ச பொடவை. எனக்குத்தான் அது படம்” என்று சாப்பிடும்போது தானாகச் சொன்னார்.

அடுத்த தடவை அவர் வந்திருப்பது தெரிந்து அந்த விறகுக் கட்டு அம்மாவே தேடி வந்தார். ரோஸ் நிறத்தில் புதுப் புடவை, மடிப்புக்கூடக் கலையவில்லை. தலையில் பூ. சுவரோரமாக நின்று கையிரண்டையும் தொடையோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, “இப்ப எடு” என்றார். அக்கா எடுத்தார். அந்தப் படத்தை நான் பார்த்தேன். கறுப்பு வெள்ளையில் ரோஸ் சாம்பலாகத்தான் வந்திருந்தது. அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது போல இருந்தது.

“இது நல்லாவே இல்லியேக்கா.”

“அவங்க கேட்ட படம் இதுதான்” என்றார். மற்றப் படங்களைப் போட்ட அதே நல்ல தாளில்தான் அதையும் போட்டிருந்தார். விறகுக் கட்டு அம்மாவுக்கு அதில் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒருவருக்காக இன்னொருவர் சொல்கிற சம்மதத்தை அவர் ஏற்க மாட்டார். அம்மா எடு என்று சொல்லி, இடுப்பில் இருக்கிற குழந்தை மாட்டேன் என்று தலையை ஆட்டினால் எடுக்க மாட்டார். இதனால் ஒரு வீட்டில் சண்டையே வந்தது. பெண் எடுத்துக்கோ என்றாள், புருஷன் கூடாது என்றான். “உங்களை எடுக்கலீங்க, அவங்களைத்தானே எடுக்கறேன்” என்று சொல்லி எடுத்துவிட்டார். எனக்கு உள்ளூர பயம். வெளியூர்க்காரர் படத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவார், வீட்டில் இருக்கப்போகிறவள் அந்தப் பெண். அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். அவர் முகம் வாடிவிட்டது. ஆனாலும், “அவங்க சரின்னு சொன்னப்புறம் நான் எடுக்காம வந்தா, அவங்க சொன்னதுக்கு என்ன மதிப்பு?” என்றார்.

படத்தைக் கொடுக்க வந்த நாளில் புருஷனும் இருந்தான். மனைவியின் தோளுக்கு மேலாக வெகுநேரம் படத்தைப் பார்த்தான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “எனக்கொன்னு குடுப்பீங்களா?” என்று கேட்டான். அக்கா அந்தப் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, “குடுக்கலாமா?” என்றார்.

“யோசிச்சி சொல்றேன்” என்றாள் அவள்.

அவன் மாசக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் இன்றைக்கும் யாராவது எதையாவது கேட்டு இழுத்தடித்தால் ‘யோசிச்சி சொல்றேன்’ என்று கிண்டல் செய்வது அதிலிருந்து வந்ததுதான்.

ஏன் இப்படி என்று நான் பலமுறை கேட்டிருக்கிறேன். “கேட்டா கொறைஞ்சா போயிடுவோம்?” என்பார். அதற்குமேல் அவரிடமிருந்து வந்ததில்லை. ஏதோ ஆபீஸில் வேலை பார்த்து, வயசு ஆவதற்கு முன்பே விட்டுவிட்டு, இப்படி ஊர் ஊராகப் போகிறவர் என்று தெரியும். படங்களைச் சென்னையில் தன் வீட்டுக் குளியலறையில் தானே கழுவுகிறார் என்று தெரியும். மற்றதை நானும் தோண்டவில்லை.

அவரிடம் மிக அதிகமாக வேண்டாம் சொன்னவர் என் அப்பா.

என் அப்பா யாருக்கும் படத்தில் சிக்காதவர். என் கல்யாண ஆல்பத்தில் அவர் ஒரு துண்டு. பந்தல் காலுக்குப் பின்னாலிருந்து வெள்ளைத் துண்டின் நுனி மட்டும் தெரியும். என் போனில் இருப்பதெல்லாம் அவர் முதுகும், ஆட்டுக்குத் தழை ஒடிக்கும் கையும்தான். அக்கா எங்கள் வீட்டில் தங்க ஆரம்பித்த பிறகு, ஒவ்வொரு தடவை வரும்போதும் ஒருமுறை கேட்பார். ஒருமுறைக்குமேல் கேட்க மாட்டார்.

“ஐயா, எடுத்துக்கட்டுமா?”

“வாணாம்மா. கறுப்பு வெள்ளன்னா செத்தவனுக்குத் தானே போடுவாங்க. நான் இன்னும் கீறேன். போனப்புறம் எடுத்துக்கோ.”

“சரிங்க ஐயா.”

இருவருக்கும் அது ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. அக்கா கேட்க மறந்தால் அப்பாவே, “இன்னாம்மா, இந்தத் தபா கேக்கலியா?” என்பார். கேட்டால் வாணாம் என்பார். அக்கா எதிரில் கேமராவோடு நிற்கிற நேரமெல்லாம் அவர் ஓரமாகப் போய்விடுவார். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கம் இல்லாமல் நிற்க அவருக்கு ஒரு தனித் திறமை இருந்தது.

அம்மா அப்படி இல்லை. கேட்டதும் சரி என்றார். வாசலில் உட்கார்ந்து புளியங்காயின் ஓட்டைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தபோது அக்கா எடுத்தார். நான் அப்போது கிணற்றடியில் ஜீப் கழுவிக்கொண்டிருந்தேன். படம் வந்தபோது வீடே அசந்துவிட்டது. என் அம்மா படத்தில் சிரிக்கிற ஆள் கிடையாது. இதில் வாய் கொள்ளாத சிரிப்பு. விழுந்த பல்லெல்லாம் தெரிகிறது. கண் மட்டும் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் எங்கேயோ பார்க்கிறது.

“யாரப் பாத்தும்மா இப்டிச் சிரிச்ச?”

“ஆட்டப் பாத்து” என்றார் அம்மா.

அப்பா பக்கத்தில் பீடிக்கு நெருப்புத் தேடிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் மழை நின்ற நேரத்தில் அப்பா போய்விட்டார். காலையில் ஆடு அவிழ்க்கப் போனவர் கொட்டகையிலேயே சாய்ந்துவிட்டார். எல்லாம் முடிந்து காரியத்துக்கு நாள் குறித்தபோதுதான் வீட்டில் அவர் படம் ஒன்று இல்லை என்பது உறைத்தது. சொந்தக்காரர்கள் பேனர் கட்டவேண்டும் என்றார்கள். ஒரு மனுஷன் வாழ்ந்ததற்கு ரோட்டோரம் ஒரு பேனர்கூட இல்லையென்றால் எப்படி. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு திருப்பத்தூரில் ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போனேன். தபால்தலை அளவு முகம், மிரண்ட கண். கடைக்காரர், “நான் பாத்துக்கறேன் சார், சூப்பரா பண்ணிடலாம்” என்றார்.

சூப்பராகத்தான் பண்ணியிருந்தார். முகத்தை மட்டும் வெட்டி யாரோ ஒருவர் உடம்பில் வைத்து, பட்டுச் சட்டை, ஜரிகைத் துண்டு, கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டு, முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுப்பாக்கி, பின்னால் நீல வானமும் புறாக்களும் பறக்கவிட்டிருந்தார். நேரம் இல்லாததால் அப்படியே கட்டினோம். கிணற்றடிக்குக் குளிக்கப் போன அம்மா அதன் எதிரில் நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“யார்றா இது?” என்று என்னைக் கேட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சிக்னல் கிடைக்கும் வளைவுக்கு நடந்துபோய் அக்காவுக்குப் போன் போட்டேன். அப்பா போனதை அப்போதுதான் சொன்னேன். அவர் அழுவது கேட்டது.

“அக்கா, அப்பா படம் ஒன்னுகூடவா இல்ல? இத்தினி தபா வந்தீங்களே.”

“இல்ல தம்பி. நான் எடுக்கல.”

“ஒரு தடவ… அவருக்குத் தெரியாம…”

“எடுக்கல தம்பி.”

போனைக் கட் செய்துவிட்டேன். அவர் நியாயமெல்லாம் அன்றைக்கு எனக்கு வெறும் பிடிவாதமாகத் தெரிந்தது. பனிக்குள் போன விறகுக் கட்டுக்கு அது சரி, என் அப்பாவுக்கு எப்படிச் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பொங்கலுக்குப் பிறகு ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். கழுத்தில் கேமரா இருந்தது. தோள்பையில் அட்டைகள் இல்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நீண்டநேரம் உட்கார்ந்திருந்தார். அம்மா டீ போட உள்ளே போனதும், தோள்பையிலிருந்து கண்ணாடித் தாள் உறை ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே துண்டு பிலிம். கழுவிய பிலிம்.

“தம்பி, உங்க போன் வந்தப்புறம் வீட்டுல இருக்கற நெகட்டிவ் பூரா எடுத்து வெளிச்சத்துல வெச்சுப் பாத்தேன். அம்மா சிரிக்கற படம் இருக்குல்ல, அதோடது இது. இந்தக் கேமராவுல கண்ணை வெச்சுப் பாக்கறப்போ தெரியறதைவிட பிலிம்ல கொஞ்சம் கூடுதலா விழும். சுத்தி ஓரத்துல, நூல் அளவு. பிரிண்ட் போடறப்போ அந்த ஓரம் பிலிமைப் பிடிக்கற சட்டத்துக்குள்ள மறைஞ்சு போயிடும். அதனால இத்தனை நாள் நானும் பாக்கல.”

“இன்னாக்கா சொல்றீங்க?”

“அந்த ஓரத்துல ஐயா இருக்கார்.”

நான் உறையை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“நான் தெரிஞ்சு எடுக்கல தம்பி. ஆனா விழுந்திருக்கு. இன்னும் பிரிண்ட் போடல. அவரு ஒரு தடவைகூடச் சரின்னு சொல்லல. இப்போ யாரைக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல. அதான் வந்தேன். வேணாம்னா இங்கயே வெட்டிப் போட்டுடறேன்.”

“கேக்கறதுக்கு இன்னாக்கா கீது? போடுங்க. பெருசா போடுங்க. அவரே சொன்னாரே, போனப்புறம் எடுத்துக்கோன்னு.”

“அது கிண்டலுக்குச் சொன்னது.”

“எதுக்குச் சொன்னா இன்னா? சொன்னாரு இல்ல?”

அவர் உறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் எதிலும் திகைத்து நின்று நான் பார்த்ததில்லை. ஒருவருக்காக இன்னொருவர் சொல்வதைக் கேட்காதவர், இப்போது இல்லாத ஒருவருக்காக யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார். பஸ்ஸில் வரும்போதெல்லாம் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருப்பார் என்று தோன்றியதும் என் கோபம் கொஞ்சம் இறங்கியது. ஆனாலும் படம் வேண்டும். எனக்கு அந்தப் படம் வேண்டும்.

டீயோடு வந்த அம்மா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தார். அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். அம்மா டம்ளர்களைக் கீழே வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்தார்.

“எங்க, காட்டு.”

கிழக்கு ஜன்னல் பக்கம் போனோம். அக்கா பிலிமை ஓரமாகப் பிடித்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்க்கிற மாதிரி ஒரு சின்ன லென்ஸை அம்மா கையில் கொடுத்து, எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டினார். அம்மா ஒரு கண்ணை மூடிக்கொண்டு, லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தித் தேடினார். பிறகு கை நின்றுவிட்டது.

“முடியெல்லாம் கருகருன்னு கீதே” என்றார்.

“நெகட்டிவ்ல அப்படித்தான்மா. வெள்ளையா இருக்கறது கறுப்பாத் தெரியும், கறுப்பு வெள்ளையாத் தெரியும்.”

“கல்யாணத்தப்போ இப்டித்தான் இருந்தாரு. தல நெறைய முடி.” கண்ணை எடுக்காமலே பேசினார். “மொகம் மட்டும் அந்தப் பேனர்ல போட்டாப்ல வெள்ள வெளேர்னு. ஆனா இது அவருதான்.”

“கையில இன்னாம்மா வெச்சினு கீறாரு?” என்றேன். எனக்கு இன்னும் பார்க்கக் கிடைக்கவில்லை.

“ஒன்னும் வெச்சினு இல்ல. ரெண்டு கையும் கண்ணுல வெச்சினு கீறாரு. இந்தப் பொண்ணு கேமராவ வெச்சிக்கிற மாதிரி.” அம்மாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். “இவ அந்தாண்ட நின்னுக்கினு என்னிய எடுக்கறா. இவரு ஆட்டுக் கொட்டாயாண்ட நின்னுக்கினு கையக் கண்ணுல வெச்சினு, சத்தம் வராம, ‘எடுத்துக்கட்டுமா’ன்னு என்னியக் கேக்கறாரு. நான் இன்னா பண்றது, சிரிப்பு வந்துடுச்சி.”

அக்கா பிலிமைப் பிடித்திருந்த கை ஆடாமல் இருக்க இன்னொரு கையால் அதைத் தாங்கிக்கொண்டார்.

“இத பெருசா போட்டுத் தர்றாங்களாம்மா. மாலை போட்டு மாட்டலாம்” என்றேன்.

அம்மா லென்ஸை இறக்கினார். “அவரு வாணாம்னுதானேடா சொன்னாரு?”

“அதில்லம்மா…”

“இப்ப இது போட்டோவா?” என்று அக்காவைக் கேட்டார்.

“இன்னும் இல்லைம்மா. பிரிண்ட் போட்டாத்தான்.”

“அப்ப அது வாணாம். அவரு சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். இத மட்டும் எனக்குக் குடுத்துட்டுப் போறியா?”

யாருக்கும் அவர் நெகட்டிவ் கொடுத்ததில்லை. அது இல்லாவிட்டால் அம்மா சிரிக்கிற படத்தையும் இனி அவரால் போட முடியாது. பையிலிருந்து சின்னக் கத்தரியை எடுத்து, இரண்டு பக்கமும் பார்த்து, அந்த ஒரு கட்டத்தை மட்டும் வெட்டி அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். லென்ஸையும் அங்கேயே விட்டுவிட்டார்.

எனக்கு மனசு ஆறவில்லை என்பதை மறைக்க வேண்டியதில்லை. போனில் படம் பிடித்து வெள்ளையைக் கறுப்பாகவும் கறுப்பை வெள்ளையாகவும் திருப்பிப் போட ஒரு ஆப் இருக்கிறதென்று என் மச்சான் சொன்னான். அம்மா கொல்லைக்குப் போயிருந்த ஒரு நாள் அந்தத் துண்டை எடுத்து ஜன்னலில் பிடித்து, போனையும் தூக்கிவிட்டேன். லென்ஸ் வழியாக அவரைப் பார்த்தேன். கறுப்பு முடியோடு, கண்ணில் கையை வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் அதே கட்டத்தில் இருந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது என்னை இல்லை. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அந்தத் துண்டு இப்போதும் சுவர்க் கண்ணாடியின் சட்ட இடுக்கில்தான் இருக்கிறது.

அக்காவுக்கு இப்போது முழங்கால் வலி. மலைக்கு வருவதில்லை. போனில் பேசுவதோடு சரி. சுவர்களில் இருக்கிற படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவர் குரல் காதில் விழுகிறது. ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் காலைதான். அதில் ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

வெட்டிக் கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டு அம்மா மறுபடியும் ஜன்னலுக்குப் போனார். இரண்டு விரலால் அதைத் தூக்கிப் பிடித்து, லென்ஸை வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு நின்றார். மலைவெயில் நேராக முகத்தில் விழுந்தது. கிட்டத்தட்ட அப்பா அந்த ஓரத்தில் நின்ற மாதிரியே நின்றார். வாயில் அதே சிரிப்பு வந்துகொண்டிருந்தது. பனிக்குள் போன விறகுக் கட்டெல்லாம் இதற்குமுன் ஒன்றுமேயில்லை.

நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். கேமரா அவர் மார்பில் தொங்கியது. பிலிம் போட்டிருந்தது, எனக்குத் தெரியும். அவர் வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தை வருவதற்காகக் காத்திருந்தேன். கேட்டிருந்தால் அம்மா சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

அக்கா கேமராவைக் கழற்றி உறையில் போட்டு, சத்தம் வராமல் பட்டனை அழுத்தினார். ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். அன்றைக்கு அவர் கேட்கவில்லை.